ஒரே டிஸ்கில் விண்டோஸும் லினக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 11 ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப், உள்ளே 512 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸை அழிக்காமல் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ (இரண்டும் லினக்ஸின் வகைகள், அதாவது டிஸ்ட்ரோக்கள்) போட வேண்டும். ஆன் செய்யும்போது எதைத் திறப்பது என்று தேர்ந்தெடுக்கும் இந்த அமைப்புக்கு டூயல் பூட் என்று பெயர். பெரும்பாலானோர் கேட்பது இதைத்தான், அதனால் பதில்கள் எல்லாம் இந்த நிலையை மனதில் வைத்தே. பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன். டிஸ்கைப் பகுதி பகுதியாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரிப்பது இதில் சுலபமான வேலை. ஆட்கள் மாட்டிக்கொள்வது அதைச் சுற்றியுள்ள விஷயங்களில்: பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்கம்), ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸை வேகமாக எழுப்பும் வசதி), பூட்லோடர் (மெஷின் ஆன் ஆனதும் ஓஎஸ்ஸை எழுப்பும் நிரல்). அதனால் அவற்றுக்குத்தான் இங்கே இடம் அதிகம்.

முதலில், எனக்கு டூயல் பூட் தேவைதானா?

நாலு லினக்ஸ் கட்டளை கற்றுக்கொள்ள வேண்டும், பைதான் எழுத வேண்டும் என்பதற்காக என்றால் தேவையில்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை என்றால் பென் டிரைவில் லைவ் ஆக ஓட்டிப் பாருங்கள், டிஸ்கில் கை வைக்கவே வேண்டாம். விண்டோஸுக்குள் ஒரு போலிக் கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினும் ஒரு வழி, ஆனால் 8 ஜிபி ரேமில் இரண்டு ஓஎஸ் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும்.

லினக்ஸைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு விண்டோஸ் மென்பொருளையோ விளையாட்டையோ விட முடியவில்லை என்றால்தான் டூயல் பூட் சரியான பதில். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாக வருகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததாலும் பிராசசர் பழசு என்பதாலும் 11-க்குப் போக முடியாத மெஷின்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன.

டி டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. அதிலேயே லினக்ஸ் போட்டுவிடலாமா?

அப்படியே போட முடியாது. டி டிரைவ் என்.டி.எஃப்.எஸ் வடிவத்தில் இருக்கும், லினக்ஸ் தன்னை நிறுவிக்கொள்ள இ.எக்ஸ்.டி4 போன்ற தன் சொந்த வடிவத்தைக் கேட்கும். ஆனால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், சி டிரைவைச் சுருக்கும் வேலை மிச்சம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யை மட்டும் டெலிட் செய்து 'அன்அலொகேட்டட்' என்று கருப்புப் பட்டையாக விட்டுவிடுங்கள். இன்ஸ்டாலர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். டெலிட் செய்யும் முன் டி உண்மையிலேயே காலிதானா என்று பாருங்கள். கடைக்காரர் எப்போதோ டிரைவர் ஃபைல்களையோ கல்யாண வீடியோவையோ அதில் போட்டு வைத்திருப்பார்.

எம்பிஆர், ஜிபிடி என்கிறார்களே, அது என்ன? எனக்கு எது?

டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைக்கும் அட்டவணையின் இரண்டு வகைகள். எம்பிஆர் பழையது. டிஸ்கின் முதல் செக்டாரான 512 பைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும்: 446 பைட் பூட் நிரல், 64 பைட் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்பதால் 64-இல் நாலு மட்டுமே அடங்கும், அதனால்தான் நாலு பிரைமரி என்ற கட்டுப்பாடு. நாலுக்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் போட வேண்டும். 2 டிபிக்கு மேல் உள்ள டிஸ்கை முழுசாகப் பயன்படுத்தவும் முடியாது.

ஜிபிடியில் இந்தத் தொல்லை இல்லை. வழக்கமான அமைப்பில் 128 பார்ட்டிஷன் வரை போகலாம், அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும், ஒன்று கெட்டால் இன்னொன்றை வைத்து மீட்கலாம். விண்டோஸ் 11-உடன் வந்த லேப்டாப் என்றால் யூஇஎஃப்ஐ (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள், பழைய பயாஸின் புது வடிவம்; அதன் அமைப்புத் திரையை இன்றும் பயாஸ் என்றே சொல்கிறோம்), ஜிபிடிதான், யோசிக்கவே வேண்டாம்.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸுடன் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். டூயல் பூட் என்ற சொல்லே தெரியாமல் டூயல் பூட் மெஷினில் படித்த தலைமுறை அது. அந்தக் காலத்து மெஷின் இன்னும் ஓடுகிறது, அதில் புது லினக்ஸ் போட வேண்டும் என்றால் முதலில் எம்பிஆரா என்று பாருங்கள், நாலு பிரைமரியும் நிரம்பியிருக்கிறதா என்று எண்ணுங்கள். நிரம்பியிருந்தால், எவ்வளவு காலி இடம் இருந்தாலும் ஐந்தாவதை உருவாக்க விடாது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் சி டிரைவ் தவிர வேறு சில சின்னப் பகுதிகள் தெரிகின்றன. அவற்றை அழித்து இடம் சேர்க்கலாமா?

வேண்டாம். 512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி 476.94 ஜிபி என்று தெரியும். ஏமாற்று வேலை இல்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இடது ஓரத்தில் 100 எம்பி அல்லது 260 எம்பியில் ஒரு துண்டு, அதன் மேல் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று எழுதியிருக்கும். நடுவில் சி. வலது ஓரத்தில் சில நூறு எம்பியில் ரெக்கவரி. இவை போக 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு என்று ஒன்று உண்டு, அது இந்தத் திரையில் காட்டாது.

அந்த இஎஃப்ஐ துண்டுதான் உயிர்நாடி. மெஷின் ஆன் ஆனதும் அதற்குள்தான் விண்டோஸின் பூட்லோடரைத் தேடும், நாளைக்கு லினக்ஸின் பூட்லோடரும் அதே இடத்தில் வேறு ஒரு ஃபோல்டரில் போய் உட்காரும். இரண்டுக்கும் ஒன்றே போதும்.

தொடங்கும் முன் என்னென்ன செய்துவிட வேண்டும்?

பேக்கப். வேறு டிஸ்கில். அதே டிஸ்கின் டி டிரைவில் காப்பி எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது.

அடுத்தது பிட்லாக்கர், இதில்தான் நிறைய பேர் அழுகிறார்கள். 'நான் பிட்லாக்கர் போடவே இல்லையே' என்பீர்கள். விண்டோஸ் 11 ஹோமில் அதுவே 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இருக்கும், 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால் பல மெஷின்களில் கேட்காமலேயே ஆன் ஆகிவிடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் இரண்டு வழி. ஒன்று, அதை முழுசாக அணைத்து, டிஸ்க் டிகிரிப்ட் ஆகி முடியும் வரை காத்திருப்பது. டிஸ்க் பெரியதாகவும் நிரம்பியும் இருந்தால் நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகிவிட்டு வேறு வேலை பாருங்கள். இன்னொன்று, அதை விட்டுவைத்து 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைப்பது. பயாஸில் செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத பூட்லோடரை ஓடவிடாத பாதுகாப்பு வசதி) அமைப்பைத் தொட்டாலோ பூட் அமைப்பு மாறினாலோ அடுத்த முறை விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கக்கூடும். கீ இல்லையென்றால் உங்கள் ஃபைல்கள் போனது போனதுதான், எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்து கொடுத்தவர் தன் கணக்கைப் போட்டிருந்தால் கீ அவருடைய கணக்கில் இருக்கும், அதையும் யோசியுங்கள். உபுண்டு இன்ஸ்டாலர் பிட்லாக்கர் ஆன் ஆகியிருப்பதைப் பார்த்தால் அதை அணைத்துவிட்டு வரச் சொல்லி நிற்கக்கூடும், அதனால் புதியவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 8-இல் வந்த வசதி இது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது, ஓஎஸ்ஸின் மையமான கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் போகும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்து எதையாவது மாற்றினால், எழுந்து வரும் விண்டோஸுக்குத் தன் நினைவில் இருப்பது ஒன்று, டிஸ்கில் இருப்பது வேறொன்று. ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போக இதைவிடச் சுலபமான வழி இல்லை. லினக்ஸும் இது தெரிந்துதான் அந்த டிரைவை 'படிக்க மட்டும்' என்று திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

சி டிரைவை எதை வைத்துச் சுருக்குவது, எவ்வளவு?

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டை வைத்தே சுருக்குங்கள். சி மீது ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. வரும் பெட்டியில் எம்பி கணக்கில் கேட்கும், 100 ஜிபி வேண்டுமென்றால் 102400 என்று அடிக்க வேண்டும். 100 என்று அடித்துவிட்டு '0.10 ஜிபிதான் வந்திருக்கிறது' என்று திரும்பி வருபவர்கள் உண்டு. என்.டி.எஃப்.எஸ்-ஐச் சுருக்க விண்டோஸ், லினக்ஸ் பகுதியை உருவாக்க லினக்ஸ், இந்த முறையை மாற்றாதீர்கள். லினக்ஸுக்கான பார்ட்டிஷனை விண்டோஸிலேயே ஃபார்மேட் செய்து வைப்பதெல்லாம் வீண் வேலை, அன்அலொகேட்டட் ஆக விட்டால் போதும்.

அளவு? உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிபி என்பார்கள். 25-இல் நிறுவலாம், நிம்மதியாக வாழ முடியாது. ஸ்னாப், ஃபிளாட்பேக், டாக்கர் (மென்பொருள்களைப் பொதிகளாகக் கொண்டுவரும் முறைகள்) என்று போட ஆரம்பித்தால் 60 ஜிபி கூடத் திணறும். 100 கொடுங்கள். விண்டோஸ் பக்கமும் 60, 70 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும், அதன் அப்டேட்டுகள் அப்படிச் சாப்பிடுகின்றன.

300 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனால் 40 ஜிபிக்கு மேல் சுருக்க விடமாட்டேன் என்கிறதே?

டிஸ்கின் நடுவிலோ கடைசியிலோ நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் ஃபைல், ரெஸ்டோர் பாயின்ட்டுகள் இவற்றை அதனால் அசைக்க முடியாது. மூன்றையும் தற்காலிகமாக அணையுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், மறுபடி சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் எண் சட்டென்று ஏறிவிடும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோர் பாயின்ட்டையும் மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள்.

அப்படியும் ஏறவில்லை என்றால் என்.டி.எஃப்.எஸ்-இன் சொந்த அட்டவணையே வழியை மறித்திருக்கலாம். அப்போது லைவ் பென் டிரைவில் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியை வைத்துச் சுருக்குவதுதான் வழி, பிட்லாக்கர் முழுசாக அணைந்திருக்க வேண்டும், பேக்கப் கையில் இருக்க வேண்டும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. அடுத்த முறை விண்டோஸ் வரும்போது டிஸ்கைச் சோதிக்கும், இடையில் நிறுத்தாதீர்கள்.

இன்ஸ்டாலரில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? ரூட், ஹோம், ஸ்வாப் என்று தனித்தனியாகப் போட வேண்டுமா?

'விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில் நிறுவு' என்று ஒரு வழி காட்டும். காட்டினால் அதையே எடுங்கள். நீங்கள் விட்டுவைத்த காலி இடத்தைத்தான் எடுக்கிறதா என்று மட்டும் அடுத்த திரையில் பாருங்கள். 'டிஸ்கை அழித்து நிறுவு' என்ற வழியும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும், கண் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையால் பிரிப்பவர்களுக்கு: ரூட் (ஓஎஸ் உட்காரும் பகுதி) ஒன்று போதும், இ.எக்ஸ்.டி4. உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோமைத் தனியாக வைத்தால் அடிக்கடி டிஸ்ட்ரோ மாற்றுபவர்களுக்கு லாபம், ஆனால் 100 ஜிபியை இரண்டாக வெட்டினால் ஒன்று நிரம்பி மற்றொன்று காலியாகக் கிடக்கும், அதனால் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ரேம் நிரம்பினால் கைகொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷன் உபுண்டு 17.04-இலிருந்தே வழக்கத்தில் இல்லை, ஸ்வாப் ஃபைலாக ரூட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறது. லேப்டாப்பை ஹைபர்நேட் செய்தே தீர வேண்டும் என்பவர்கள் மட்டும் ரேம் அளவுக்குக் குறையாத ஸ்வாப் பார்ட்டிஷன் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நிதானமாக ஒன்று பாருங்கள். கைமுறைத் திரையில் என்விஎம்இ0என்1பி1 என்ற மாதிரி வரிசையாகப் பெயர்கள் வரும், கடைசியில் இருக்கும் பி1, பி2, பி3 என்பதுதான் பார்ட்டிஷன் எண். அதில் ஃபேட்32 என்று காட்டும் 100 அல்லது 260 எம்பி வரிசைதான் இஎஃப்ஐ. அதை 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் ஆகப் பயன்படுத்து' என்று மட்டும் வையுங்கள். அந்த வரியில் ஃபார்மேட் என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. இருந்து, நீங்களும் அடுத்து அடுத்து என்று அழுத்திப் போய்விட்டால், சி டிரைவ் அப்படியே இருக்கும், ஆனால் விண்டோஸ் எழுந்து வராது.

பாப் ஓஎஸ் போல கெர்னலையே இஎஃப்ஐ பகுதியில் வைக்கும் டிஸ்ட்ரோக்களுக்கு 100 எம்பி பத்தாது. அவற்றுக்கு மட்டும் தனியாக 1 ஜிபியில் இன்னொரு இஎஃப்ஐ பகுதி உருவாக்குங்கள்.

இன்ஸ்டாலர் என் எஸ்எஸ்டியையே காட்டவில்லை. பென் டிரைவ் மட்டும்தான் தெரிகிறது.

இன்டெல் மெஷினா? பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பு ஆர்எஸ்டி அல்லது விஎம்டி (இன்டெலின் சொந்த முறைகள்) என்று இருக்கும், அதை வழக்கமான முறையான ஏஎச்சிஐ ஆக மாற்ற வேண்டும். நேராக மாற்றிவிட்டு விண்டோஸைத் திறந்தால் நீலத்திரை வரும், ஏனென்றால் பூட் ஆகும்போது புது அமைப்புக்கான டிரைவரை ஏற்ற விண்டோஸ் தயாராக இல்லை. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் மோடில் வரும்படி வையுங்கள், ரீஸ்டார்ட் செய்து பயாஸில் மாற்றுங்கள், சேஃப் மோடில் ஒருமுறை எழுந்துவிட்டால் சரியான டிரைவர் பிடித்துக்கொள்ளும், பிறகு சேஃப் மோடை எடுத்துவிடுங்கள். பின் நம்பர் சேஃப் மோடில் சில சமயம் வேலை செய்யாது, பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

செக்யூர் பூட்டை அணைக்க வேண்டுமா?

உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் இவற்றுக்குத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரல் வழியாக இவை செக்யூர் பூட்டுடனே எழும். என்விடியா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' என்று வந்தால் பயப்படாதீர்கள், அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் முடிந்தது. ஆர்ச் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அணைத்துத்தான் ஆக வேண்டும்.

எது முதலில், விண்டோஸா லினக்ஸா?

விண்டோஸ் முதலில். பின்னால் வரும் விண்டோஸ் பூட் வரிசையில் தன்னை முதலில் வைத்துக்கொள்ளும், பழைய எம்பிஆர் மெஷினில் லினக்ஸின் பூட்லோடரான கிரப்பின் மேலேயே எழுதிவிடும். லினக்ஸ் ஏற்கனவே இருந்து விண்டோஸைப் பிறகு போட்டாலும் உலகம் அழியாது, பூட் வரிசையை மாற்றினால் போதும்.

எல்லாம் முடிந்தது, ஆனால் மெனு வராமல் நேராக விண்டோஸுக்கே போகிறது.

ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டுங்கள், டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. அதில் 'உபுண்டு' என்று வரி இருந்தால் வேலை பாதி முடிந்தது, பயாஸில் அதை முதல் இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். பிறகு கருந்திரையில் உபுண்டு, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், விண்டோஸ் பூட் மேனேஜர் என்று பட்டியல் வரும், பத்து விநாடிக்குள் அம்புக்குறியால் நகர்த்தி என்டர் தட்டுங்கள்.

பட்டியலில் லினக்ஸ் மட்டும் இருந்து விண்டோஸ் காணோம் என்றால் அது வேறு கதை. கிரப் 2.06-இலிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரிக்கு ஃபால்ஸ் என்று கொடுத்து, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள்.

விண்டோஸ் அப்டேட் வந்தால் லினக்ஸ் போய்விடும் என்கிறார்களே?

ஃபைல்கள் போகாது. பூட் வரிசை சில சமயம் மாறும், திருப்பி வைத்துக்கொள்ளலாம். 2024 ஆகஸ்டில் நடந்தது மட்டும் கொஞ்சம் மோசம்: பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பூட்லோடர்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் அனுப்பிய அப்டேட், டூயல் பூட் மெஷின்களில் போகக் கூடாதது பலவற்றில் போய்விட, லினக்ஸ் எழாமல் 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்ற செய்தியோடு நின்றது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தத் தடைப் பட்டியலை நீக்கிச் சரிசெய்தார்கள். லைவ் பென் டிரைவ் ஒன்றை அழிக்காமல் மேஜை டிராயரில் வைத்திருங்கள்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது!

பயாஸ் பேட்டரி செத்துவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள். மதர்போர்டில் இருக்கும் கடிகாரம் ஒன்றுதான். அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது, நமக்கும் இலங்கைக்கும் அந்த வித்தியாசம் சரியாக 5.30 மணி. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் லினக்ஸும் விண்டோஸ் வழிக்கு வந்துவிடும். இது சுத்தமான தீர்வு இல்லை என்று லினக்ஸே ஒரு எச்சரிக்கை காட்டும், கோடைகால நேரமாற்றம் இல்லாத ஊரில் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒரே ஃபைல்களைப் பார்க்க முடியுமா?

லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைப் படிக்கலாம், எழுதலாம். கெர்னல் 5.15-இலிருந்து அதற்கான டிரைவர் உள்ளேயே வருகிறது. விண்டோஸுக்கு இ.எக்ஸ்.டி4 புரியாது. படம், பாட்டு, ஆவணங்களுக்கு என்.டி.எஃப்.எஸ்-இல் பொதுவாக ஒரு டி டிரைவ் வைத்துக்கொண்டால் நல்லது. நிரல் எழுதும் ஃபோல்டர்களை அதில் வைக்காதீர்கள், லினக்ஸின் ஃபைல் அனுமதிகள் அங்கே ஒழுங்காக உட்காராது. ஒன்றை ஹைபர்நேட் செய்துவிட்டு மற்றதைத் திறப்பதும் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

இரண்டாவது எஸ்எஸ்டி போட இடமிருக்கிறது. அது நல்லதா?

மிக நல்லது. கையில் காசிருந்தால் சுருக்குவது, நகர்த்துவது எதுவும் வேண்டாம், தனி டிஸ்கில் போடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பூட்லோடரை முதல் டிஸ்கின் இஎஃப்ஐ பகுதியிலேயே கொண்டுபோய்ப் போடும். நிறுவும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்கைக் கழற்றி வையுங்கள், அல்லது பயாஸில் அணைத்து வையுங்கள்.

மேக்கில்?

இன்டெல் மேக் என்றால் பூட் கேம்ப், மேக்கில் விண்டோஸ் நிறுவ ஆப்பிள் தரும் கருவி. எம்1, எம்2 மேக்கில் பூட் கேம்ப் கிடையாது, அசாஹி லினக்ஸ் மட்டும் ஓடும்.

லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் எப்படி எடுப்பது?

வரிசை முக்கியம். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து, நேராக விண்டோஸ் எழுகிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை டெலிட் செய்து, சி மீது ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்'. காலி இடம் சி-க்கு ஒட்டி வலது பக்கம் இருந்தால்தான் அது வேலை செய்யும், சி-யைச் சுருக்கித்தான் லினக்ஸ் போட்டீர்கள் என்றால் அப்படித்தான் இருக்கும்.

வரிசை மாறி முதலில் பார்ட்டிஷனை அழித்துவிட்டால், மெஷின் கருந்திரையில் 'கிரப்' என்ற ஒரு சொல்லோடு நிற்கும், ஏனென்றால் கிரப்பின் மெனு அந்த அழிந்த பகுதிக்குள் இருந்தது. யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் எஃப்12 மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. எம்பிஆர் மெஷினில் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் கட்டளையால் எம்பிஆரைத் திரும்ப எழுத வேண்டும். இஎஃப்ஐ பகுதியில் 'உபுண்டு' என்ற ஃபோல்டர் மிச்சமிருக்கும். சில எம்பிதான், கிடந்துவிட்டுப் போகட்டும்.